படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறான்

கேள்வி இதுதான்: "என் மகன் நான்காம் வகுப்பு. பாடப்புத்தகத்தில் வரலாறு, அறிவியல் இரண்டுமே போர் அடிக்கிறது என்கிறான். சரி என்று படங்கள் நிறைந்த புத்தகங்களாக ஏழெட்டு வாங்கிக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் மூடி வைத்துவிடுகிறான். எழுத்துப் பக்கமே போவதில்லை. படப்புத்தகங்களால் உண்மையிலேயே பயன் உண்டா? எதைப் பார்த்து வாங்குவது? காமிக்ஸ் கொடுக்கலாமா?"

சிறுவர் புத்தகங்களுக்கு எழுதுவதும், ஓவியர்களோடு உட்கார்ந்து பக்கத்துக்குப் பக்கம் மல்லுக்கட்டுவதும் பல வருடங்களாக என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பையன் மேல் தப்பே இல்லை. பத்து நிமிடத்தில் மூடுகிறான் என்றால் அந்தப் படங்களில் பத்து நிமிடச் சரக்குதான் இருந்திருக்கும்.

வீட்டில் இருக்கும் அந்த ஏழெட்டில் ஒன்றை எடுங்கள். எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். எழுத்தில் இல்லாத எதையாவது படம் சொல்கிறதா? நீர்ச் சுழற்சி என்று தலைப்புப் போட்டுச் சிரிக்கும் சூரியன், கன்னம் உப்பிய மேகம், நாலு நீல அம்புக்குறி வரைந்திருப்பார்கள். அந்தப் படத்தைக் கிழித்து எடுத்துவிட்டாலும் புத்தகத்துக்கு ஒரு நட்டமும் இல்லை. இன்னொரு புத்தகத்தில் கறையான் புற்றை உச்சியிலிருந்து அடிவரை வெட்டிப் பிளந்து காட்டியிருந்தார்கள். ராணியின் அறை, கறையான்கள் பூஞ்சை வளர்க்கும் தோட்டம், காற்றுப் போய்வரும் குழாய்கள், சுவரில் ஓட்டை விழுந்த இடத்தில் மண்ணை ஈரமாக்கிப் பூசிக்கொண்டிருக்கும் வேலைக்காரக் கூட்டம். எழுத்து மொத்தமே மூன்று வரி. ஒரு பையன் மேலேயிருந்து கீழே வரை ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டே போய், ராணி அறையில் நிறுத்தி, "இது எப்படி வெளிய வரும்?" என்று கேட்டான். ராணி வெளியே வருவதே இல்லை என்ற செய்தி அந்தப் பக்கத்தில் எழுத்தாக எங்கும் கிடையாது. அறையின் வாசலைவிட ராணி பருமனாக வரையப்பட்டிருந்ததைப் பார்த்து அவனாகவே எடுத்த கேள்வி அது. அதுவும் படிப்புதான். பையன் "எழுத்துப் பக்கமே போகவில்லை" என்று கவலைப்படாதீர்கள். படத்துக்கு ஒரு வேலை இருந்தால் அந்த வேலை முடிந்ததும் அவனே எழுத்துக்கு வருவான்.

படத்துக்கு வேலை இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. இதை நான் கற்றுக்கொண்டது என் சொந்தத் தவறிலிருந்து என்பதால் அந்தக் கதையையும் கேட்டுவிடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் சோழர் காலக் கடைத்தெரு பற்றி 24 பக்கத்தில் ஒரு புத்தகம் செய்தோம். ஓவியர் கெட்டிக்காரர். நடுவில் எதிரெதிர்ப் பக்கம் இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சந்தையை வரைந்து கொடுத்தார். பானைக் கடை, வெற்றிலைக் கட்டு, உப்பு மூட்டை ஏற்றிய வண்டி, கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஒரு பொடியன். நான் மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தேன். ஒற்றுப்பிழைகூட இல்லை. அச்சாகி வந்த வாரத்தில், தாவரவியல் ஆசிரியரான என் நண்பர் அந்தப் பக்கத்தைச் செல்போனில் படமெடுத்து, ஒரு மூலையில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். வட்டத்துக்குள் ஒரு கூடை மிளகாய் வற்றல். கூடவே ஒரு வரி: "கொலம்பஸ் பிறக்கவே இன்னும் நானூறு வருஷத்துக்கு மேல இருக்கே, இது எப்படி வந்துச்சு?"

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் கப்பல் வரத்தொடங்கிய பிறகு, 16-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் நம் கரைக்கு வந்தது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். வந்த புதுக் காய்க்கு நம் ஆட்கள் வைத்த பெயரே கதையைச் சொல்கிறது: மிளகு போல உறைக்கும் காய், மிளகாய். தமிழில் எழுதிப் பிழைக்கிற எனக்கு அதுவரை அந்தச் சொல் உறைக்கவே இல்லை.

அதோடு முடிந்ததா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தை மறுபடி பார்த்தேன். மிளகாய்க் கூடைக்குப் பக்கத்தில் தக்காளிக் குவியல். அதுவும் அமெரிக்கா. பூக்காரம்மாவின் கூடையில் ஆரஞ்சு நிறத் துலுக்கச் சாமந்தி. மெக்சிகோ. கடைக்குப் பின்னால் குலை தள்ளிய பப்பாளி மரம். வண்டியின் மேல் ஒரு பெரிய பறங்கிக்காய். பறங்கி என்றாலே போர்த்துகீசியன்தானே! அந்தப் பெயரைத் தலையில் தாங்கிக்கொண்டு ராசராசன் காலத்துக் கடைத்தெருவில் அது ஊர்வலம் போகிறது. இரண்டாயிரம் பிரதி அடித்தாகிவிட்டது.

பதிப்பாளரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு துண்டுத் தாள் அடித்துப் புத்தகத்துக்குள் செருகினோம். "இந்தச் சந்தையில் இருக்கவே முடியாத ஐந்து பொருள்கள் இருக்கின்றன. கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் அதில் போட்டோம். மானத்தைக் காப்பாற்றச் செய்த தந்திரம்தான், மறைப்பானேன். ஆனால் பள்ளிகளில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தபோது பிள்ளைகள் அதிக நேரம் குந்திய பக்கம் அதுதான். சிலர் கத்தரிக்காயை வட்டம் போட்டார்கள். கத்தரி நம்மூர்க் காய்தான் என்று சொன்னதும் சண்டைக்கு வந்தார்கள். ஒரு பெண், தாத்தாவின் திவசத்தன்று மட்டும் தன் பாட்டி மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எதையும் சமையலில் சேர்ப்பதில்லை, எல்லாவற்றுக்கும் மிளகுதான் என்றாள். பழைய மரபு பார்க்கும் கோயில் மடைப்பள்ளிகளிலும் அப்படித்தான். ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய அடுப்பங்கரையை அந்தப் பாட்டி வருடத்துக்கு ஒரு நாள் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார். புத்தகத்தில் நான் எழுதிய எந்த வாக்கியமும் அந்தக் குழந்தையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. தப்பாக வரைந்த ஒரு கூடை கொண்டுபோய்ச் சேர்த்தது.

எழுதுகிறவன் தப்பித்துக்கொள்ளலாம். "சந்தையில் பலவகைக் காய்கறிகள் விற்கப்பட்டன" என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன். ஓவியருக்கு அந்த வசதி கிடையாது. எந்தக் காய் என்று அவர் முடிவுசெய்தே ஆகவேண்டும். காலில் செருப்பு உண்டா, கதவு எந்தப் பக்கம் திறக்கும், விளக்கு எங்கே தொங்கும், பெண்கள் கொண்டையை எந்தப் பக்கம் முடிந்தார்கள் என்று எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். அதனால்தான் நல்ல வரலாற்றுப் படப்புத்தகத்துக்கு எழுத்தைவிடப் படத்துக்குத்தான் அதிகம் ஆராய வேண்டியிருக்கிறது. நம்மூரிலோ அதிகம் அவசரப்படுத்தப்படுகிறவர் ஓவியர். எழுத்து ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும். படம் மூன்று வாரத்தில் வேண்டும்.

மன்னர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். முறுக்கு மீசை, வெல்வெட் அங்கி, பளபளக்கும் மார்புக் கவசம் என்று எந்த வம்சத்து ராஜாவானாலும் ஒரே ராஜாதான். சினிமாவிலிருந்து இறங்கி வந்தவர். சோழர் காலத்து ஆள் எப்படி இருந்திருப்பார் என்று தெரிய வேண்டுமானால் அந்தக் காலத்தவரே விட்டுவிட்டுப் போன படங்கள் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் ஒளிந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டெடுத்தார். அவற்றில் ஆட்கள் பெரும்பாலும் வெற்றுடம்போடு, நகையும் கொண்டையுமாக இருக்கிறார்கள். தாராசுரம் கோயிலில் நாயன்மார் கதைகளைச் சொல்லும் சிற்ப வரிசை இருக்கிறது. சாதாரண சனங்களை அதில் பார்க்கலாம். நம் ஓவியர்களுக்கு அதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்?

படத்தைச் செதுக்கிக் கீழே எழுத்தும் போட்டு வரலாறு சொல்வது நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போங்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்று மாளிகையின் சுவரில் பல்லவர் வரலாறே வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டு. அரசனுக்கு வாரிசில்லாமல் போய், வேறு கிளையிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்து முடிசூட்டுகிறார்கள். அவன்தான் பிறகு நந்திவர்ம பல்லவமல்லன், அந்தக் கோயிலைக் கட்டியவன். சில சிற்பங்களுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கல்வெட்டிலேயே விளக்கம் போட்டிருக்கிறார்கள். சி. மீனாட்சி அம்மையார் இந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதிய நூல் 1941-இல் வந்தது. பன்னிரண்டு வயதில் அப்பாவை விட்டுவிட்டு, பார்த்தே இராத ஒரு ஊருக்கு ராஜாவாகப் புறப்படும் பையன்! இதைப் படப்புத்தகமாக்க இன்னொரு நாட்டுக்காரர் வரவேண்டுமா என்று எனக்கு அவ்வப்போது ஆற்றாமை வரும்.

வரலாற்றுப் புத்தகத்தில் நான் பார்க்கும் இன்னொரு விஷயம், "இது எப்படித் தெரியும்?" என்பதற்குப் படத்தில் இடம் இருக்கிறதா என்று. கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைத்த பானை ஓட்டுச் சில்லுகளில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயர்கள் கீறியிருக்கின்றன. அதில் ஒன்று "ஆதன்". பெரும்பாலான புத்தகங்கள் இந்தச் செய்தியை ஒரு வரியாகச் சொல்லிவிட்டு, பக்கம் முழுக்கக் கற்பனை நகரம் ஒன்றை வரைந்துவிடும். மாடி வீடு, கொடி, தேர். எது மண்ணிலிருந்து வந்தது, எது ஓவியர் மனத்திலிருந்து வந்தது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்?

அகழாய்வில் வேலை பார்ப்பவர்கள் பானையை வரைவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பானையை நடுவில் ஒரு கோட்டால் பிரித்து, ஒரு பாதியில் வெட்டுத் தோற்றமும் மறு பாதியில் வெளித்தோற்றமும் காட்டுவார்கள். கிடைக்காத பகுதியைப் புள்ளிக்கோட்டில் போடுவார்கள். இந்தப் புள்ளிக்கோட்டை அப்படியே குழந்தைப் புத்தகத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். பக்கத்தின் நடுவில் சில்லு மட்டும் அசல் அளவில், உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது போல, கீறல் தெரிய அழுத்தமான வண்ணத்தில். அதைச் சுற்றி முழுப் பானையும் புள்ளிக்கோட்டில். பானையைப் பிடித்திருக்கும் கையும் புள்ளிக்கோடு. கைக்குச் சொந்தக்காரரின் முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. இப்படி ஒரு பக்கத்தை நாங்கள் செய்தபோது ஒரு வகுப்பில் பாதிப் பேர் அந்த வெள்ளையில் பென்சிலால் முகம் வரைந்துவிட்டார்கள். ஒருவன் தாடி வைத்தான். இன்னொருத்தி, "ஆதன் பேர் போட்ட பானைன்னா ஆதன்தான் எழுதணுமா, பானை செஞ்சவங்க எழுதியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் பெண் முகம் வரைந்தாள். கல்வெட்டு அறிஞர்கள் விவாதிக்கிற கேள்வியே அதுதான்.

அறிவியலுக்கு வருகிறேன். அங்கே படம் இன்னும் ஆபத்தான ஆயுதம், ஏனென்றால் அறிவியல் படத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

உங்கள் மகனிடம் இப்போதே கேட்டுப் பாருங்கள்: "மே மாதம் ஏன் இவ்வளவு வெயில்?" நான் கேட்ட இடத்திலெல்லாம் ஏதோ ஒரு குழந்தை "அப்போ பூமி சூரியன்கிட்ட போயிடுது" என்று சொல்லியிருக்கிறது. பல பெரியவர்களும் அதையே சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், மார்கழிக் குளிரில் நாம் போர்த்திக்கொண்டு கிடக்கும்போது. அப்போது தூரம் ஏறத்தாழ 14.71 கோடி கிலோமீட்டர். ஜூலை தொடக்கத்தில் 15.21 கோடி. வெயிலுக்கும் குளிருக்கும் காரணம் பூமியின் அச்சு சாய்ந்திருப்பது. தூரத்துக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

தப்பான பதிலைக் குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் வாயால் சொல்லவில்லை, படம் சொன்னது. புத்தகங்களில் பூமியின் பாதையை நீளமான முட்டை வடிவத்தில் போட்டிருப்பார்கள். ஓவியர் பொய் சொல்லவில்லை. வட்டத்தைச் சாய்வாகப் பார்த்து வரைந்திருக்கிறார், தரையில் உட்கார்ந்து அடுப்பிலிருக்கும் தோசைக்கல்லைப் பார்ப்பது போல. ஆனால் இது சாய்வுப் பார்வை என்று குழந்தைக்கு யாரும் சொல்வதில்லை. பூமியின் பாதையைத் தாளில் 10 செ.மீ. அகலத்துக்குச் சரியாக வரைந்தால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம் போலவே இருக்கும். சூரியன் மட்டும் மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தள்ளி நிற்கும். கடையில் புத்தகம் வாங்கும்போது இந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். பாதை வட்டமாக இருந்தாலோ, சாய்வாகப் பார்க்கிறோம் என்று ஒரு வரி இருந்தாலோ, அந்தப் புத்தகத்தைச் செய்தவர்கள் யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நிலா விஷயமும் இதே கதைதான். ஒரு பள்ளியில் ஒரு பையன் கையில் சாத்துக்குடியும் ஒரு பெண் கையில் அரைநெல்லிக்காயும் கொடுத்து, "இது பூமி, அது நிலா. சரியான தூரத்தில் நில்லுங்கள்" என்றேன். ஒரு சாண் தள்ளி நின்றார்கள். மற்றவர்கள் "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" என்று கத்தினார்கள். சரியான தூரம் ஆறரை அடி. பூமியை முப்பது தடவை வரிசையாக அடுக்கினால்தான் நிலாவைத் தொடலாம். அந்தப் பெண் பின்னால் நகர்ந்து நகர்ந்து பெஞ்சில் இடித்துக்கொண்டு நின்றபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. இந்தப் பிள்ளைகள் பார்த்த எல்லாப் படத்திலும் நிலா பூமியின் தோளில் உட்கார்ந்திருந்தது. புத்தகப் பக்கத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

அடுத்த புத்தகத்தில் இதைச் சரிசெய்ய மடித்து விரிக்கும் நீளத் தாள் கேட்டேன். அந்தக் காசில் இன்னொரு புத்தகமே போடலாம் என்று பதில் வந்தது. ஓவியர்தான் வழி கண்டுபிடித்தார். ஒரு பக்கத்தின் அடியில் 8 செ.மீ. அகலத்தில் பூமி. அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு பக்கங்களின் அடியோரமாகவே ஓடும். ஒரு பக்கம் 20 செ.மீ. அப்படி 12 பக்கம் தாண்டி, 2 செ.மீ.-க்குச் சற்றுப் பெரிதாக நிலா. மேலே வேறு விஷயங்கள் நடந்துகொண்டிருக்கும், கோடு மட்டும் சும்மா போய்க்கொண்டே இருக்கும். சின்னப் பிள்ளைகள் மேலே இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு, "வந்துடுச்சா? வந்துடுச்சா?" என்று பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.

பார்ப்பதும் வரைவதும் எவ்வளவு ஒட்டிப் பிறந்தவை என்பதற்கு நிலாவிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. 1609 ஜூலையில் இங்கிலாந்தில் தாமஸ் ஹேரியட் தொலைநோக்கி வழியாக நிலாவைப் பார்த்து வரைந்தார். கலிலியோவுக்குச் சில மாதம் முன்பே. அந்தப் படத்தில் ஒளிக்கும் இருட்டுக்கும் நடுவே ஒரு கரடுமுரடான கோடும் சில கறைகளும்தான் இருந்தன. அதே வருடக் கடைசியில் கலிலியோ பார்த்தார். அவர் ஓவியம் பழகியவர், நிழல் எப்படி விழும் என்று அவர் கைக்குத் தெரியும். அந்தக் கறைகள் மலைகளின் நிழல் என்று கண்டுகொண்டு 1610-இல் படங்களோடு வெளியிட்டார். அதற்குப் பிறகு ஹேரியட் வரைந்த நிலாவிலும் பள்ளங்கள் தோன்றிவிட்டன. ஆகவே உங்கள் மகன் படம் பார்ப்பதோடு நிற்காமல் வரையவும் செய்தால் தடுக்காதீர்கள். வேப்பிலை ஒன்றைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் விளிம்பை வழுவழுப்பாகப் போடுவார்கள். பிறகு இலையை மறுபடி கையில் கொடுங்கள், ரம்பப் பல் தெரியும்.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பையன் எழுத்துப் பக்கம் போகாததற்கு எழுதுகிற எங்களுக்கும் பங்கு உண்டு. நம் சிறுவர் அறிவியல் நூல்களில் பாதிக்கு மேல் வாக்கியங்கள் "என்பது" என்று தொடங்கி "எனப்படும்" என்று முடியும். ஒரு பக்கத்தில் இரண்டுக்கு மேல் "எனப்படும்" கண்ணில் பட்டால் நான் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடுவேன். கலைச்சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒளிச்சேர்க்கை, ஈர்ப்பு, நுண்ணுயிர் எல்லாம் நல்ல சொற்கள், குழந்தைகள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். டைனோசர் பெயர்களை நாக்கு சுளுக்காமல் சொல்கிற பிள்ளைக்கு ஒளிச்சேர்க்கை எம்மாத்திரம். முதலில் விஷயம், பிறகு பெயர் என்று வர வேண்டும், அவ்வளவுதான்.

வெளியிலிருந்து படத்தோடு வாங்கி மொழிபெயர்த்துப் போடும் புத்தகங்களில் வேறொரு சிக்கல். பருவங்கள் என்று நாலு படம் இருக்கும்: பூ, வெயில், செம்மஞ்சள் இலைகள் உதிரும் மரம், பனிமனிதன். தூத்துக்குடிப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டு "இலையுதிர் காலம்" என்று நோட்டில் எழுதுகிறது. அந்தப் பிள்ளை பார்த்த வருடத்தில் ஆடிக் காற்று இருக்கிறது, ஐப்பசி அடைமழை இருக்கிறது, மார்கழிப் பனி இருக்கிறது, கத்திரி வெயில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழை கொண்டுவருகிறது, அந்தப் படத்தில் அதற்கு ஒரு சொட்டு இடம் இல்லை. காரும் கூதிரும் என்று பருவங்களை ஆறாகப் பிரித்துப் பெயர் வைத்த மொழியில் இந்த நிலைமை. மொழிபெயர்ப்பு நூல் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. விண்வெளி, டைனோசர், மனித உடல் என்றால் தாராளமாக வாங்கலாம். வானிலை, செடிகொடி, பூச்சி, உணவு பற்றியவை உள்ளூர்க்காரர் செய்ததாக இருந்தால் நல்லது. பையன் வாசலுக்குப் போய்ச் சரிபார்க்க முடியும்.

காமிக்ஸ் தாராளமாகக் கொடுங்கள். அனந்த் பை 1967-இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை இல்லாவிட்டால் ஒரு தலைமுறைக்குப் பல பெயர்களே தெரிந்திருக்காது. அதன் மேல் உள்ள குற்றச்சாட்டும் நியாயமானதுதான்: நாயகர்கள் வெளுப்பு, அசுரர்கள் கறுப்பு. பையனோடு சேர்ந்து படிக்கும்போது இதை நீங்களே ஒருமுறை கேட்டுவிடலாம், "ஏன் கெட்டவன் மட்டும் எப்பவும் கறுப்பா இருக்கான்?" என்று. இன்னொன்று, பேச்சுக் குமிழிக்குள் இருப்பது எல்லாம் எழுத்தாளர் கற்பனை. அசோகர் கலிங்கத்தில் என்ன வசனம் பேசினார் என்று யாரும் குறித்து வைக்கவில்லை, அவர் கல்லில் வெட்டிவைத்த வார்த்தைகள்தான் நம்மிடம் இருக்கின்றன. ஒன்பது வயதில் இந்த வேறுபாடு நன்றாகவே புரியும்.

எங்கே கிடைக்கும் என்றும் உங்களுக்குச் சந்தேகம் இருக்கும். காசு செலவில்லாமல் தொடங்க வேண்டுமானால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015-லிருந்து இருக்கிறது. தமிழில் நிறையப் படக்கதைகள், அறிவியல் சார்ந்தவையும் உண்டு, இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் மாத இதழுக்குச் சந்தா கட்டுங்கள். தபாலில் பிள்ளை பெயருக்கு இதழ் வருவதே தனிக் கிளுகிளுப்பு. பெரியசாமித் தூரன் தலைமையில் பத்துத் தொகுதிகளாக 1968 முதல் 1976 வரை வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் பழைய நூலகங்களில் இருக்கும். தகவல்கள் பழசாகிவிட்டன, ஆனால் குழந்தைக்குத் தமிழில் எப்படி விளக்குவது என்று நான் இன்றும் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறேன். ஏழெட்டுப் புத்தகம் ஒரே நாளில் வாங்க வேண்டாம். ஒன்று வாங்குங்கள். மறுபடி மறுபடி எடுக்கிறானா என்று பாருங்கள். எடுத்தால் அடுத்தது.

வாங்கிக் கொடுத்த பிறகு "என்ன படிச்சே, சொல்லு பார்ப்போம்" என்று மட்டும் கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் நாள் பூராவும் அதைத்தான் கேட்கிறார்கள். புத்தகத்தைச் சோபாவிலோ சாப்பாட்டு மேசையிலோ போட்டுவையுங்கள். நீங்களே எடுத்துப் பாருங்கள். உங்களுக்குப் புரியாத படம் வந்தால் அவனிடம் கேளுங்கள், நடிக்காமல், உண்மையாகவே புரியாதபோது.

கடைசியாக ஒன்று. நீங்கள் வாங்கியதில் தஞ்சைப் பெரிய கோயில் பற்றிய புத்தகம் இருந்தால், "கோபுரத்தின் நிழல் தரையில் விழாது" என்ற வரி அதில் இருக்க வாய்ப்பு அதிகம். படத்தில் கோயில் நிழலே இல்லாமல் நிற்கும். இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து, அடியில் ஏறத்தாழ நூறு அடி அகலத்துக்கு உட்கார்ந்திருக்கும் விமானம் அது, அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரம். கோடையின் உச்சி வெயிலில் நிழலின் பெரும்பகுதி அதன் மேலேயே விழுந்துவிடும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நாலாம் வாரத்திலும் தஞ்சாவூரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாளில், நட்டு வைத்த குச்சிக்கே நிழல் இருக்காது. மற்றபடி நிழல் விழத்தான் செய்யும். ஒரு லீவு நாளில் காலை எட்டு, எட்டரைக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு அங்கே போங்கள். விமானத்துக்குப் பின்னால், மேற்குப் பிரகாரத்துக்கு நடந்து போய், அந்த நிழலுக்குள் இரண்டு பேரும் நில்லுங்கள். புத்தகத்தையும் பென்சிலையும் கையோடு எடுத்துப் போக மறக்க வேண்டாம். விடுபட்ட நிழலை அவனே படத்தில் போட்டுக்கொள்வான்.